மடிக்கணினியின் ஆயுளை யார் சொல்வது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளியாகி, பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான கணினிகளை இயக்கிவந்த மென்பொருள் அது. ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திருத்தங்கள் இனி வழக்கம்போல் வந்துசேரா. வங்கிக் கணக்கு, வருமான வரி, மருத்துவ அறிக்கைகள் என அனைத்தையும் கணினியில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அதற்கு டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். 2018-இல் சந்தைக்கு வந்த கோர் ஐ3-7020யு என்னும் சில்லு, எண் குறிப்பதுபோலவே 7-ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. அது பொருத்தப்பட்ட மடிக்கணினியை 2019-இல் புத்தம் புதிதாக வாங்கிய ஒரு மாணவருக்கு, 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோதே கதவு மூடப்பட்டுவிட்டது. இடைக்கால ஏற்பாடாக வழங்கப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்றுதான் அறிவிக்கப்பட்டன.

இன்னொரு செய்தி நினைவகச் சந்தையிலிருந்து வருகிறது. ரேம் எனப்படும் நினைவகச் சில்லுகளின் உலக உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் இந்தச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025-இன் பிற்பகுதியில் சில்லறைச் சந்தையில் ரேம் விலை சில மாதங்களிலேயே இரட்டிப்புக்கும் மேலாக உயர்ந்தது. கிட்டத்தட்ட 30 ஆண்டுகளாக நுகர்வோரிடையே அறியப்பட்டிருந்த 'குருஷியல்' என்ற தன் வணிகப் பெயரைக் கைவிட்டு, அந்தச் சந்தையிலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

பழைய கணினியை வைத்துக்கொள்ளவும் தயக்கம். புதியதை வாங்கவும் தயக்கம். இப்படியொரு நெருக்கடியில்தான் இன்னும் சில மாதங்களில் கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கவிருக்கிறது.

நான் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அத்துடன், புதிய கருவி எதுவாயினும் அதைத் தொட்டுப் பார்க்காமல் கடையைக் கடந்து போக முடியாதவன். அதனால் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் பழைய மாணவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "ஐயா, பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு விடை சொல்வது முன்பைவிட இன்று கடினமாகிவிட்டது. கருவிகள் மோசமாகிவிட்டன என்பது அதற்குக் காரணமில்லை.

உண்மையில் இன்றைய கருவிகள் வியக்கத்தக்கவை. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி வந்தபின் கணினி சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது. கல்லூரிக்கு மின்கம்பி எடுத்துச் செல்லாமலேயே நாள் முழுவதும் தாங்கும் மின்கலங்கள் வந்துவிட்டன. கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே யுஎஸ்பி-சி மின்னூட்டி போதும் என்ற நிலை உருவாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைக்கே ஒரு கணினி என்று வரிசையில் காத்திருந்த என் தலைமுறைக்கு இவை சாதாரணமாகத் தோன்றுவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மடிக்கணினி எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பதுதான் வாங்குபவருக்கு மிகவும் தேவையான தகவல். கடையில் ஒட்டப்பட்டிருக்கும் எந்தச் சீட்டிலும் இல்லாத தகவலும் அதுவே.

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை, பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தச் சிக்கலை விளக்கியது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் ஒரே விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்பது கட்டுப்படியாகாது என்று நல்ல விற்பனையாளர் வெளியேறுகிறார். முடிவில் சந்தையில் மட்டமான பொருளே மிஞ்சுகிறது. இந்தத் துறைப் பங்களிப்புக்காக அவர் 2001-இல் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

காய்கறிச் சந்தையில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. இந்த வாரம் சொத்தைக் கத்தரிக்காய் கொடுத்த கடைக்கு அடுத்த வாரம் நாம் போவதில்லை. மடிக்கணினியை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வாங்குகிறோம். அது உழைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளும்போது அந்த மாடலே சந்தையில் இருக்காது. நம் அனுபவம் அண்டை வீட்டாருக்கும் பயன்படாது. எனவே, வாடிக்கையாளரின் அனுபவமே விற்பனையாளரைத் திருத்திவிடும் என்ற வாதம் இங்கே செல்லாது.

ஆயுள் தெரியாத நிலையில், வாங்குபவர் கண்ணுக்குத் தெரிகிற எண்களையும் பெயர்களையும் பிடித்துக்கொள்கிறார். அவையும் தெளிவாக இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். 7000 என்ற வரிசை எண்ணைப் பார்ப்பவர் அது புத்தம் புதிய வடிவமைப்பு என்றே நினைப்பார். அதன் உள்ளே இருப்பதோ 2019-இல் வெளியான ஸென் 2 கட்டமைப்பு. எண்ணின் மூன்றாவது இலக்கம் அதைக் குறிக்கிறது என்று நிறுவனம் விளக்கம் வெளியிட்டது உண்மைதான். மகளுக்குக் கணினி வாங்க வந்த ஒரு தந்தை அந்த மூன்றாம் இலக்கத்தின் பொருளை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? இன்டெல் நிறுவனமும் நமக்குப் பழகிப்போன ஐ3, ஐ5, ஐ7 பெயர்களை 2023-இல் கைவிடத் தொடங்கி, கோர், கோர் அல்ட்ரா என்று மாற்றிக்கொண்டது.

இப்போது புதிய முத்திரை 'ஏஐ'. 2024 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' வகைக் கணினிக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளுக்கு மேல் செய்யும் தனிச் செயலகம், 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். குறைந்தபட்ச ரேமை 16 ஜிபி என்று நிர்ணயித்தது நன்மையே. ஆனால், கல்லூரி மாணவர் இன்று பயன்படுத்தும் பெரும்பாலான செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் இணையத்தின் வழியே தொலைதூரச் சேவையகங்களில் இயங்குபவை. அவற்றைப் பழைய கணினியின் உலாவியிலேயே திறக்கலாம். மடிக்கணினிக்குள் இருக்கும் அந்தத் தனிச் செயலகத்துக்கு அதில் வேலை ஏதுமில்லை.

நிறுவனங்கள் ஏன் ஆயுளைச் சொல்வதில்லை என்பதற்கும் பொருளாதாரம் விடை வைத்திருக்கிறது. நீடித்து உழைக்கும் பொருளை விற்பவர், தாமே முன்பு விற்ற பொருளுடன் போட்டியிட நேர்கிறது என்பதை ரொனால்ட் கோஸ் 1972-இல் எடுத்துக்காட்டினார். நேற்று விற்ற கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்வரை இன்றைய கணினி விற்காது. இந்தச் சிக்கலுக்குக் குறுக்குவழி கண்ட வரலாறும் உண்டு. 1924-இல் ஐரோப்பிய, அமெரிக்க மின்விளக்கு நிறுவனங்கள் கூடி அமைத்த 'ஃபீபஸ்' கூட்டணி, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்து நிர்ணயித்தது. அதற்குமேல் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதமும் விதித்தது.

இன்றைய கணினி நிறுவனங்களை அந்தக் கூட்டணியோடு சமமாக வைப்பது நியாயமாகாது. ரேமைக் கழற்ற முடியாதபடி மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பற்றவைப்பதற்குப் பொறியியல் காரணங்கள் இருக்கின்றன. கணினி மெலிதாகிறது, மின்செலவு குறைகிறது, வேகமும் கூடுகிறது. ஆனால், அந்த வசதிக்கான விலையைப் பின்னாளில் செலுத்துபவர் வாங்கியவர்தான். 8 ஜிபி ரேம் நான்கு ஆண்டுகளில் போதாமல் போனால், முன்பு ஒரு சிறு அட்டையைச் செருகி நிலைமையைச் சரிசெய்தோம். இப்போது முழுக் கணினியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு சில்லு பழுதானாலும் "போர்டு போய்விட்டது" என்ற ஒற்றை வாக்கியத்துடன் உரையாடல் முடிந்துவிடுகிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி மூன்று ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 14,000 ரூபாய். 60,000 ரூபாய்க்கு வாங்கியது ஆறு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். விலை அதிகமானதே மலிவானது. ஆனால், கூடுதலான அந்த 18,000 ரூபாயை இன்றைக்கே புரட்ட முடியாத குடும்பம் 42,000 ரூபாய்க் கணினியைத்தான் வாங்கும். ஆறு ஆண்டுகளில் இருமுறை வாங்கி 84,000 ரூபாய் செலவிடும். கையில் பணம் குறைவாக உள்ளவர் அதிக விலை கொடுக்கும் இந்த விநோதம், அரிசியைச் சிப்பமாக வாங்க முடியாமல் கிலோக் கணக்கில் வாங்கும் வீடுகளில் நெடுங்காலமாக இருப்பதுதான்.

இதற்குத் தீர்வாகச் சந்தை முன்வைப்பது 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டியில்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்று வட்டித் தொகை தள்ளுபடியாகக் கழிக்கப்படுவதாகக் காட்டப்படுகிறது. அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழுகின்றன. முழுப் பணத்தையும் உடனே செலுத்தினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியையும் அவர் இழக்கிறார். தவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

உண்மையான வட்டியில்லாத் தவணை ஒன்று உண்டு. அது கணினிக்குள் காலியாக இருக்கும் ரேம் செருகிடம். இன்று 8 ஜிபியுடன் குறைந்த விலைக்கு வாங்கி, இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையில் பணம் சேர்ந்தபின் இன்னொரு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பை அது தருகிறது. நினைவக விலை உச்சத்தில் இருக்கும் இந்த ஆண்டில் அந்த வாய்ப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது. நினைவகத் தொழிலில் விலை ஏறுவதும், அதைக் கண்டு ஆலைகள் பெருகுவதும், பின் உற்பத்தி மிகுந்து விலை சரிவதும் பலமுறை நடந்திருக்கின்றன. வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் நாம் காணும் ஏற்ற இறக்கம்தான் இது. வேறுபாடு, தக்காளி சில மாதங்களில் காய்த்துவிடும். சில்லு ஆலை எழும்ப ஆண்டுகள் ஆகும். செருகிடம் உள்ளவர் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். பற்றவைக்கப்பட்ட கணினியை வாங்கியவர் இன்றைய உச்ச விலையிலேயே ஆறு ஆண்டுத் தேவையையும் வாங்கியாக வேண்டும். இல்லையேல் குறைந்த ரேமுடன் காலம் தள்ள வேண்டும். அவருக்கு மூன்றாவது வழி இல்லை.

இந்தத் தகவல்களை வாங்குபவரிடம் சேர்ப்பது எப்படி? பிற நாடுகள் சில வழிகளைச் செய்து பார்த்துவிட்டன. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின் விலைக்கு அருகிலேயே, அவற்றை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்க முடியும் என்பதற்கு 10-க்கு இத்தனை என்ற மதிப்பெண் காட்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகளும், ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்களும் கிடைக்க வேண்டும். 2026 ஏப்ரல் 28 முதல் அங்கே விற்கப்படும் மடிக்கணினிகளும் யுஎஸ்பி-சி வழியே மின்னேற்றம் பெற வேண்டும்.

தகவல் வெளிப்படையானால் போட்டியின் போக்கும் மாறும் என்பதற்குக் கைப்பேசிச் சந்தையே சான்று. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைத்தாலே பெரிது. 2023-இல் கூகுள் தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே ஏழு ஆண்டுகளை அறிவித்தது. ஆண்டுக் கணக்கு விளம்பரத்தில் இடம்பெற்றதும் அதிலும் போட்டி பிறந்தது. மடிக்கணினியிலும் இது முடியாததன்று. லெனோவோவின் திங்க்பேட் டி14 மாடலுக்கு ஐஃபிக்சிட் என்ற பழுதுநீக்க அமைப்பு 2024-இல் 10-க்கு 9 மதிப்பெண் வழங்கியது. தேவை என்று கருதினால் பெரிய நிறுவனங்களாலும் கழற்றி மாட்டத்தக்க கணினியைச் செய்ய முடிகிறது.

இந்தியாவிலும் தொடக்கங்கள் இருக்கின்றன. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவையும் இணையதளத்தையும் ஏற்படுத்தியது. பழுதுநீக்கக் குறியீடு ஒன்றை உருவாக்க 2024-இல் அமைக்கப்பட்ட குழு 2025-இல் அறிக்கை அளித்தது. அந்தக் குறியீட்டை விற்பனை இடத்திலும் இணைய வணிகத் தளத்திலும் தெரியும்படி வெளியிட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கைப்பேசிக்கு மட்டும் என்று அது நின்றுவிடக் கூடாது. மடிக்கணினிக்கும் வர வேண்டும்.

இதற்கு முன்மாதிரியைத் தேடி நாம் வெளிநாடு போகவும் வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியிலும் ஏசியிலும் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திர முத்திரை 2006-இல் அறிமுகமானது. 2010-இல் அவற்றில் பல வகைகளுக்குக் கட்டாயமானது. மின்பொறியியல் அறியாதவர்களும் இன்று கடையில் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒரு சிறிய சீட்டு ஒரு தலைமுறையின் வாங்கும் பழக்கத்தையே மாற்றியிருக்கிறது.

சட்ட அடிப்படையும் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை அளவியல் விதிகள், அதிகபட்ச விலையுடன் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் உறைமேல் அச்சிடச் சொல்கின்றன. ஆனால், இணைய வணிகத் தளங்கள் காட்ட வேண்டிய விவரங்களில் அந்த மாதமும் ஆண்டும் மட்டும் விலக்கப்பட்டுள்ளன. பிஸ்கட்டைவிட வேகமாகப் பழையதாகும் பொருள் கணினி. அதன் தயாரிப்பு ஆண்டைக்கூட அறியாமல் இணையத்தில் பணம் செலுத்துகிறோம். இந்த விலக்கை மின்னணுப் பொருள்களுக்கேனும் நீக்கி, 'பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இந்த ஆண்டுவரை', 'உதிரிபாகங்கள் இந்த ஆண்டுவரை', 'ரேம் மாற்றத்தக்கது அல்லது மாற்ற இயலாதது' என்ற மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்.

இதனால் விலை உயராதா என்ற கேள்வி எழும். ஓரளவு உயரலாம். ஆனால், மூன்று வரிகளை அச்சிடும் செலவு மிகச் சிறியது. நீண்ட ஆயுள் தரும் நிறுவனம் கூடுதல் விலை கேட்டால், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும். குறைந்த ஆயுள் போதும் என்று தெரிந்தே ஒருவர் மலிவானதை வாங்கலாம். அது அவர் உரிமை. தெரியாமல் வாங்குவதைத்தான் தடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்ற பலகையின் கீழ் அமர்ந்திருக்கும் இளைஞர்கள், உருப்பெருக்கியின் உதவியோடு ஒரு சில்லை மட்டும் பெயர்த்து மாற்றும் திறன் படைத்தவர்கள். நிறுவன சேவை மையம் கைவிட்ட பல கணினிகள் அங்கே உயிர் பெறுகின்றன. உதிரிபாகமும் சுற்றுவரைபடமும் முறையாகக் கிடைத்தால் இந்தத் தொழில் இன்னும் வளரும். உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. ரிச்சி தெருவில் ஒரு கணினி பிழைக்கும்போது அந்தக் குவியலில் ஒன்று குறைகிறது.

விண்டோஸ் 10-உடன் நிற்கும் பழைய கணினியையும் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளான லினக்ஸை நிறுவினால் இணையம், கடிதம், கணக்கு, தமிழ்த் தட்டச்சு ஆகிய அன்றாடப் பணிகளுக்கு அது இன்னும் பல ஆண்டுகள் பயன்படும். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு இது பொருந்தாது; மற்றவர்கள் முயன்று பார்க்கலாம்.

அரசு முடிவெடுக்கும்வரை, என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். கடையில் நிறத்தையும் தடிமனையும் பார்க்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ரேம் செருகிடம் இருக்கிறதா, பற்றவைத்ததா? எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா? இந்த மாடலுக்கான மின்கலத்தின் விலை என்ன, அது எங்கே கிடைக்கும்? சில்லின் கட்டமைப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது? யுஎஸ்பி-சி வழியே மின்னேற்ற முடியுமா? விற்பனையாளருக்கு விடை தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பேர் இதே கேள்விகளைக் கேட்டால், விடைகள் தாமாகவே விலைச் சீட்டுக்கு வந்துசேரும். "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கப் பழகிய நாம், "எத்தனை ஆண்டு?" என்று கேட்கவும் பழகிக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தரும் கடமையை நிறுவனங்களுக்கு விதிப்பது அரசின் பொறுப்பு.